தொங்கான் பேன்

அங்கம்மாவுக்குக் கோபம் வந்தால் முதலில் கொண்டையை அவிழ்த்து, உதறி, இறுக்கி முடிந்துகொள்வாள். வாய் அதற்குப் பிறகுதான் திறக்கும். உப்புத்தண்ணித் தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் கை பின்னந்தலைக்குப் போனதுமே பெண்கள் கிணற்றடியிலிருந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். ஆண்கள் திடீரென்று வெற்றிலைப் பையில் எதையோ தேடுவார்கள். கோபக்காரி என்ற பெயர் மட்டும்தான் பெரிது. அந்தக் கோபத்தால் ஒரு துரும்பும் அசைந்ததில்லை. அவள் கத்துவாள், அவர்கள் கேட்டுக்கொண்டே போய்விடுவார்கள்.

ஆனால் தொங்கான் விஷயத்தில் அவள் கத்தியது முழுக்க முழுக்க நியாயம். இன்றைக்கு யாரைக் கேட்டாலும் ஒப்புக்கொள்வார்கள். அன்றைக்குத்தான் ஒப்புக்கொள்ள ஒரு நாதி இல்லை.

தோட்டம் மலாய் நாட்டில், கோத்தா திங்கிக்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருந்தது. ரப்பர் மரங்களுக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல்மேடு, அதற்கு உள்பக்கம் காயல். ஒரே ஓர் இடத்தில் காயலுக்கு வாய் திறந்திருந்தது. ஏற்றத்தில் கடல்தண்ணீர் அந்த வழியாக உள்ளே வரும். மழைக்காலத்தில் ஆற்றுத்தண்ணீர் வந்து கலக்கும். அந்தக் கலவைத் தண்ணீரில், முழங்கால் ஆழச் சேற்றில், மட்டிச் சிப்பி விளைந்து கிடந்தது. அங்கம்மா அதைக் கண்ணால் தேடமாட்டாள், காலால் தேடுவாள். சேற்றை மெல்ல மிதித்துக்கொண்டே போவாள்; குதிகாலில் உருண்டையாக ஏதாவது தட்டுப்பட்டால் குனிந்து எடுப்பாள். வற்றத்தில் சேறு வெளியே தெரியும்போது ஊசியால் குத்திய மாதிரி இரட்டை ஓட்டைகள் இருக்கும். மட்டி மூச்சு விடும் ஓட்டைகள் அவை. அவற்றைப் பார்த்தாலே அன்றைய கூடை நிறையுமா நிறையாதா என்று சொல்லிவிடுவாள்.

முப்பத்தொன்றாம் வருஷம் ரப்பர் விலை படுத்துவிட்டது. பாதி மரங்களில் பால்வெட்டை நிறுத்தினார்கள். அரிசி மட்டும் அளந்தார்கள். பருப்பும் கருவாடும் நின்றுபோயின. வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். யார் போவது, யார் இருப்பது என்ற பட்டியல் கங்காணி ஐயாசாமியின் கோட்டுப் பையில் இருந்தது. அவர் கோட்டைத் தடவிக்கொண்டு நடந்தாலே லயம் அடங்கிப்போகும்.

அங்கம்மாவின் புருஷன் லெட்சுமணன் அதற்கு முந்தின வருஷமே காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். பட்டியலில் முதல் பெயராக இருந்திருக்க வேண்டியவள் அவள்தான். இல்லாததற்குக் காரணம் மட்டி. லயத்தில் முப்பது குடும்பத்துக்கும் குழம்பில் போட வேறு எதுவும் கிடையாது.

“மட்டி கெடைக்கிற வரைக்கும் நீ இரு புள்ள” என்று கங்காணி சொல்லியிருந்தார். அதைத் தயவு என்று அங்கம்மா ஒருநாளும் எண்ணவில்லை. அவரும் அவள் கொண்டுவந்த மட்டியைத்தான் தின்றுகொண்டிருந்தார்.

ஊரில் அவளை எதிர்பார்த்து இரண்டு தெருக்கள் இருந்தன. ஒன்று அவள் பிறந்தது, இன்னொன்று லெட்சுமணன் பிறந்தது. ஒரு தெருக்காரர் கை பட்ட தண்ணீரை இன்னொரு தெருவில் குடிக்கமாட்டார்கள். இரண்டு பேரும் ஓடி வந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அன்று, அவளுடைய அண்ணன்மார் அரிவாளோடு ரயிலடிவரை துரத்தி வந்தார்கள். அது நடந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. பதினாறு வருஷத்தில் அண்ணன்மார் மாறியிருப்பார்கள் என்று நம்ப அவள் தயாராக இல்லை. காயலில் மட்டி இருந்தால் அவள் இங்கே உயிரோடு இருப்பாள், அவ்வளவுதான் கணக்கு.

அந்த வருஷம் பங்குனியில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூர்த் துறைமுகத்திலிருந்து ஒரு பழைய தொங்கானை மலிவாக வாங்கிக்கொண்டு வந்தார். சரக்கு ஏற்றும் பெரிய மரப்படகு அது. எங்கெங்கிருந்தோ வந்த கப்பல்களின் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்று ஊறியது. அதோடு துறைமுகத்திலிருந்து பிடுங்கிய பழைய மரத்தூண்களும் ஒரு கட்டு வந்தன. காயல் வாயில் துறை கட்டப்போகிறார்களாம்.

காயல் வாய்க்கு அருகில் தூண்டிலும் வலையுமாகத் திரிகிற மலாய்க்காரர் பாக் டோலா, அங்கம்மாவைக் கூப்பிட்டுத் தொங்கானின் அடியைக் காட்டினார். தண்ணீர் வற்றி அது ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடிமரம் எங்கும் தெரியவில்லை. விரல்நகம் அளவில் கறுப்புச் சிப்பிகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கைமுட்டி கனத்துக்கு அப்பியிருந்தன.

“இனி புக்கான் ஓராங் சினி” என்றார் பாக் டோலா. இது இந்த ஊர் ஆள் இல்லை என்று அர்த்தம். அறுபது வருஷமாக அந்தக் கடலைப் பார்த்தவர் அவர். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “வாய்ல தண்ணி வேகம். இங்க சும்மா ஒட்டும். உள்ள போச்சு, காயல் ஹாபிஸ் லா, முடிஞ்சுது.”

அங்கம்மா மடியிலிருந்த கத்தியால் ஒன்றை நெம்பிப் பார்த்தாள். அது லேசில் வரவில்லை. மயிர் போன்ற நூலால் மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. இழுத்து அறுத்து உள்ளங்கையில் வைத்தாள். “பேனு மாதிரி இல்ல பிடிச்சுக்கிட்டு கெடக்கு!” என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு அது தொங்கான் பேன்.

அன்றைக்கே கங்காணியிடம் போனாள். அவர் தலைத்துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

“கங்காணி ஐயா, தொரை கொண்டாந்த தொங்கான்ல அடி முழுக்கப் பேன் புடிச்சிருக்கு. தூணுலயும் இருக்கு. எல்லாத்தையும் மணல்ல இழுத்துப் போட்டு நல்லா வெயில்ல காய வைக்கச் சொல்லுங்க. அது காயலுக்குள்ள வந்தா மட்டிய அழிச்சிரும்.”

கங்காணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தொங்கானுக்குப் பேன் பாக்கச் சொல்றியா? மொதல்ல உன் தலையப் பாரு புள்ள.”

சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள்.  அங்கம்மா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கத்தினாள். அவர்கள் இன்னும் கொஞ்சம் சிரித்துவிட்டுக் கலைந்தார்கள்.

வைகாசியில் முத்துமாரியம்மனுக்குக் கம்பம் நடுவது அந்தத் தோட்டத்து வழக்கம். கங்காணி கரூர்ப் பக்கத்து ஆள். அவர் கொண்டுவந்த வழக்கம்தான் இது. மூன்று கவை உள்ள மரக்கொம்பு ஒன்றைக் கோயில் முன்னால் நடுவார்கள். பெண்கள் தினமும் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். பத்தாம் நாள் அதைப் பிடுங்கி, மேளத்தோடு கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். ஊர் நோயெல்லாம் அதோடு போய்விடும் என்று நம்பிக்கை. அந்த வருஷம் அம்மை வேறு வந்து லயத்தில் இரண்டு உயிரைக் கொண்டுபோயிருந்தது. எல்லோருக்கும் உள்ளூரப் பயம். அதைச் சொல்லாமல் அவர்களை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

கம்பம் வெட்டப் போக வேண்டிய வெள்ளிக்கிழமை காலை, துறை வேலையிலிருந்து கழன்ற ஒரு தூண், ஏற்றத்தோடு மிதந்து வந்து, காயல் கரையிலிருந்த கோயிலுக்கு நேர் எதிரே கரை தட்டியது. கயிறு தாங்குவதற்காக மேலே கவையாக விட்ட மரம். மூன்று கவை. அடியிலிருந்து நுனிவரை கறுப்புச் சிப்பி, முத்து முத்தாக.

“முத்து!” என்று பூசாரி வேலு கத்தினார். அம்மை போட்டால் உடம்பில் எழும்புவதற்கும் முத்து என்றுதான் பெயர். அம்மன் பெயரிலேயே முத்து இருந்தது. இதற்கு மேல் யாருக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? கங்காணி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். துரைக்கு முன்னால்கூட அவர் தலைத்துண்டைத் தோளில் போடுவாரே தவிர இடுப்பில் கட்டியதில்லை.

“ஆத்தா கடல் தாண்டி நம்மளத் தேடி வந்திருக்கா!” என்றார். கண்ணில் நீர் வழிந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு அங்கம்மா முன்னால் வந்தாள். “ஐயா, இது தொரையோட தூணு. இது முத்து இல்ல, நான் சொன்ன தொங்கான் பேன். தொட்டுப் பாருங்க, மயிரால கட்டிக்கிட்டு இருக்கும்.”

“வாயக் கழுவு!” என்று கங்காணி சீறினார். “ஆத்தாளப் பேனுங்கிறியா?”

அவளுக்கும் மாரியாத்தா மேல் பக்தி உண்டு. லெட்சுமணன் காய்ச்சலில் கிடந்தபோது அந்தக் கோயில் வாசலில்தான் அவள் ஈரப்புடவையோடு உருண்டாள். அதனால்தான் கோபம் இரட்டிப்பாக வந்தது. ஆத்தாளை எந்தக் குப்பையில் வேண்டுமானாலும் பார்த்துவிடுவார்களா?

தூணை நட்டார்கள். கடல்வழியாக வந்த அம்மன் என்பதால், கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காயல் தண்ணீரையே ஊற்ற வேண்டும் என்று பூசாரி சொல்லிவிட்டார். அதில்தான் காரியமே கெட்டது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றியிருந்தாலோ, சும்மா வெயிலில் விட்டிருந்தாலோ பத்து நாளில் எல்லாம் செத்து உதிர்ந்திருக்கும். காலையும் மாலையும் முப்பது குடம் உப்புத்தண்ணீர் ஊற்றினால் அவை ஏன் சாகும்? தண்ணீர் பட்டதும் ஓடுகள் லேசாகத் திறந்து மூடின. “ஆத்தா கண்ணு தொறக்குறா!” என்று பெண்கள் குலவையிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மயங்கியே விழுந்தாள்.

“அது கண்ணு இல்லடி, வாயி” என்று அங்கம்மா அவளிடம் சொன்னாள். “தண்ணி குடிக்குது.”

“சும்மா இரு அக்கா” என்று பேச்சியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

பத்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கி, மேளதாளத்தோடு காயலின் உள்கோடிக்குக் கொண்டுபோனார்கள். தண்ணீர் ஓட்டமே இல்லாத, குளம் போன்ற இடம். மட்டி அதிகமாகக் கிடந்ததும் அங்கேதான். அங்கம்மா கரையில் நின்று, கொண்டையை முடிந்து முடிந்து அவிழ்த்துக்கொண்டு பார்த்தாள். தொண்டை கட்டும்வரை கத்தினாள். மேளச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

முதல் இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் மாதம் கண்டல் மர வேர்களில் கடுகு இறைத்த மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. கார்த்திகையில் வேர்கள் தெரியவில்லை. தை மாதம் சேறே தெரியவில்லை. மயிர்நூலால் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, காயலின் தரை முழுவதும் பாய் விரித்த மாதிரி பரவிவிட்டன. மழை பெய்து தண்ணீர் இனித்தபோது சாகும் என்று பார்த்தாள், சாகவில்லை. வெயிலில் தண்ணீர் உப்பேறியபோது சாகும் என்று பார்த்தாள், அதற்கும் சாகவில்லை. காலால் மட்டி தேடியவளுக்குக் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று. ஓட்டு விளிம்பு கத்தி மாதிரி. பாதம் பாளம் பாளமாக வெடித்து, புண் ஆறுவதற்குள் அடுத்த புண் வந்தது.

ஒருநாள் கத்தியால் அந்தப் பாயை அறுத்துப் புரட்டினாள். கீழே சேறு தார் போலக் கறுத்து, அழுகின முட்டை நாற்றம் அடித்தது. மட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. இரட்டை ஓட்டை ஒன்றுகூட இல்லை. மேலே இருந்தவை தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டன. கீழே இருந்தவற்றுக்கு மூச்சுவிட வழியில்லை. அங்கம்மா அந்தச் சேற்றில் நின்று அழுதாள். துக்கத்தில் அழவில்லை. எல்லாம் சொன்னோமே, எல்லாம் சொன்னோமே என்ற ஆத்திரத்தில் அழுதாள்.

சரி, அந்தப் பேனையாவது தின்னலாம் என்று லயத்தில் வேகவைத்துப் பார்த்தார்கள். ஒரு படி ஓட்டுக்கு ஒரு கரண்டி சதை இல்லை. தின்றவர்களுக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு. அதற்குப் பிறகு காயலில் மீன்களும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பாக் டோலா வலையைச் சுருட்டிக்கொண்டு வடக்கே மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இத்தனைக்கும் பிறகாவது புத்தி வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வந்தது, வேறு விதமாக. ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்றார்கள். ஏன் கோபித்தாள்? அவளைப் பேன் என்று சொன்ன ஒருத்தி லயத்திலேயே இருக்கிறாளே!

“உன் வாய்தான் காயலக் கெடுத்துச்சு” என்று கங்காணி நாலு பேர் முன்னால் சொன்னார். “மட்டியும் இல்ல. இனி உன்ன எதுக்கு வச்சுக்கிறது? இந்த வருசக் கம்பம் முடியட்டும். அடுத்த கப்பல்ல உன் பேரு.”

 மணல்மேட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் தெற்கே நடந்தால் சின்னக் கழி என்று ஓர் ஓடை உண்டு. அதில் இன்னும் இரட்டை ஓட்டை இருந்தது. அங்கம்மா தினமும் நடந்து போய் அரைக்கூடை கொண்டுவந்தாள். அரைக்கூடையாவது கொடுத்துக்கொண்டிருந்தால் பட்டியலிலிருந்து பெயர் விழாதா என்று ஒரு நப்பாசை.

அடுத்த வைகாசி வந்தது. இந்தத் தடவை கம்பம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. காயலில் எந்தக் கொம்பைப் பிடுங்கினாலும் முத்துதான். கவை உள்ளதாகப் பார்த்து ஒன்றை நட்டு, காலையும் மாலையும் காயல் தண்ணீர் ஊற்றினார்கள். பத்தாம் நாள் காலை அங்கம்மா வழக்கம்போலச் சின்னக் கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். தூரத்தில் உறுமி கேட்டது. முதலில் அதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சத்தம் நெருங்கியது. நிமிர்ந்து பார்த்தால் மணல்மேட்டின் மேல் மஞ்சள் கொடி, மேளம், கூழ் அண்டா, விறகு, அடுப்புக்கல். லயமே திரண்டு வந்துகொண்டிருந்தது. நடுவில் நாலு பேர் தோளில் அந்தக் கம்பம், நீர் சொட்டச் சொட்ட, கறுகறுவென்று.

காயல் நாறிப்போனதால் ஆத்தாளைச் சுத்தமான தண்ணீரில் விடப்போகிறார்கள் என்று அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த வட்டாரத்தில் சுத்தமான தண்ணீர் அது ஒன்றுதான் மிச்சம்.

அவர்கள் அண்டாவை இறக்கி, அடுப்பு மூட்டி, கூழ் கொதிக்கிறவரை கம்பத்தைச் சுற்றிக் கும்மியடித்தார்கள். இவள் அதற்குள் கரைக்கு வர முட்டி மோதினாள். சேறு காலை இழுத்தது. இரண்டு தரம் விழுந்தாள். முகமெல்லாம் சேறு. கரையேறும்போது புதர்க் கிளையில் மாட்டிக் கொண்டை அவிழ்ந்துவிட்டது. முடிந்துகொள்ள அவளுக்கு நேரமில்லை. நாலு பேரும் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்துவிட்டார்கள்.

“நிறுத்துங்கடா!”

அது அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தமா என்று அவளுக்கே சந்தேகம். ஒரு வருஷத்துக் கோபமும் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்தது. உறுமி நின்றது. தலைமயிர் விரிந்து, ஈரப்புடவையும் சேறுமாக, கண் சிவந்து, உடம்பெல்லாம் நடுங்க அவள் கூட்டத்துக்குள் புகுந்தாள்.

“அதத் தண்ணியில விடாதீங்கன்னு எத்தன தரம் சொன்னேன்? சொன்னேனா இல்லையா? காயலக் கொன்னீங்க, இன்னும் பத்தலையா ஒங்களுக்கு?”

யாரும் சிரிக்கவில்லை. யாரும் வெற்றிலைப் பையைத் தேடவில்லை. எங்கோ ஒரு கிழவி குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். கங்காணி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் காலடியில் விழுந்தார்.

“தாயே! தெரியாம செஞ்சுட்டோம் தாயே!”

“தெரியாமயா? ஒரு வருசமா வாய் கிழியக் கத்தினேனே!”

“ஒங் கொரலு எங்க காதுல விழலையே ஆத்தா!”

“விழுந்துச்சு! நீ சிரிச்ச! பேன் பாக்கச் சொன்னியாடா என்னை? தலையப் பாருன்னு சொன்னியாடா?”

கங்காணி வெலவெலத்துப்போனார். தோட்டத்தில் எவளோ ஒருத்தியிடம் தான் சொன்ன கேலி ஆத்தாள் காதுவரை போயிருக்கிறதே! மணலில் நெற்றியை மோதிக்கொண்டார்.

அப்போதுதான் அங்கம்மாவுக்கு உறைத்தது. பேச்சியம்மாள் கையில் வேப்பிலையோடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், கால் அருகில் வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். பத்து வருஷமாக ஒரே அம்மியில் அரைத்தவள். அவளுக்குக்கூட இங்கே நிற்பது அங்கம்மா இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரோடு நின்றபோது நாயைப்போல விரட்டியவர்கள், அந்தப் பெயரைக் கழற்றிவிட்டுப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். அதை நினைத்ததும் முன்னைவிடக் கோபம் வந்தது. நான் அங்கம்மாடா, என்னைப் பாருங்கடா என்று கத்த வாயைத் திறந்தாள்.

கம்பத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்தவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அங்கம்மா என்று சொன்னால் அடுத்த நொடி அது தண்ணீருக்குள் போகும்.

“அத நெருப்புல போடு” என்றாள்.

 அம்மன் கம்பத்தை எரிப்பதா? அதைச் சொல்ல வேறு எந்த வாய்க்கும் உரிமை கிடையாது. கங்காணி எழுந்து, கையைக் கூப்பியபடி, கூழ் அண்டாவை இறக்கச் சொன்னார். நாலு பேரும் கம்பத்தை அடுப்பில் கிடத்தினார்கள். முதலில் புகைந்தது. பிறகு சோளம் பொரிகிற மாதிரி ஓடுகள் ஒவ்வொன்றாக வெடித்தன. மயிர் கருகும் நாற்றம் அடித்தது. கடைசி ஓடு வெடிக்கும்வரை அங்கம்மா நகரவில்லை. அவள் நகராததால் யாரும் நகரவில்லை.

மறுநாள் கிணற்றடியில் பெண்கள் அவளுக்கு வழி விட்டு நின்றார்கள்.

“ஆத்தா என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்கா அக்கா?” என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

“ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்டி சொன்னேன். அதே வார்த்தையப் போன வருசமும் சொன்னேன்.”

பேச்சியம்மாள் பரிவோடு சிரித்தாள். “சாமி வந்தவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது அக்கா” என்று மற்றவர்களுக்கு விளக்கினாள். அவர்களும் தலையாட்டினார்கள். அங்கம்மாவுக்குக் குடத்தைத் தூக்கி அவள் தலையில் போட வேண்டும் போல இருந்தது.

எட்டாம் நாள் இன்னொரு செய்தி வந்தது. காயல் வாயில் பேன் அடைத்து, துறையே உபயோகமில்லாமல் போய்விட்டதாம். துறையைச் சின்னக் கழிக்கு மாற்றுகிறார்கள். தொங்கானை அன்றைக்கு மதிய ஏற்றத்தில் கடல்வழியாக இழுத்துப்போய் உள்ளே விடப்போகிறார்கள்.

அங்கம்மா கங்காணியைத் தேடிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். தொங்கான் சின்னக் கழியின் வாசலுக்கு வந்துவிட்டிருந்தது. கரையில் இருபது பேர் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர் ஏறக் காத்திருந்தார்கள். அசைவில் அடிமரம் மேலே வரும்போது கறுகறுவென்று தெரிந்தது, போன வருஷத்தைவிட இரண்டு மடங்கு கனமாக. கங்காணி தலைத்துண்டோடு நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தணித்துத்தான் பேசினாள். “கங்காணி ஐயா, கெஞ்சிக் கேக்குறேன். கம்பத்துல இருந்ததுதான் இதுலயும் இருக்கு. பதினஞ்சு நாளு மணல்ல ஏத்திக் காயப் போட்டுட்டு அப்புறம் விடுங்க. ஆத்தாளே எரிக்கச் சொல்லலையா?”

“கம்பம் ஆத்தா விசயம். இது தொரை விசயம்” என்றார் கங்காணி, அவளைத் திரும்பிப் பார்க்காமல். “உனக்கு எதுக்கு இதெல்லாம்? அடுத்த மாசம் கப்பல். போயி மூட்டையக் கட்டு புள்ள.” பிறகு ஆட்களைப் பார்த்து, “இழுங்கடா!” என்றார்.

கயிறு விறைத்தது. தொங்கான் மெல்ல அசைந்து, கழியின் பக்கம் மூக்கைத் திருப்பியது.

அங்கம்மாவின் கை பின்னந்தலைக்குப் போனது. சாமி பெயரில் பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று நம்புகிறவள் அவள். அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. கோபம்தான் வந்தது, அவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் அதே கோபம்தான். நாக்கு அழுகினால் அழுகட்டும்.

கொண்டையை அவிழ்த்தாள். உதறினாள். ஆனால் திரும்ப முடிந்துகொள்ளவில்லை.

கயிறு பிடித்திருந்தவர்களில் முன்னால் நின்றவன்தான் முதலில் பார்த்தான். அவன் கை தளர்ந்தது. பின்னால் ஒவ்வொருவராகக் கயிற்றைக் கீழே போட்டார்கள். தொங்கான் அலையில் இரண்டு தரம் ஆடி, மணலில் தட்டி நின்றது.

“ஏன்டா நிறுத்திட்டீங்க?” என்று கத்திக்கொண்டே கங்காணி திரும்பினார். விரிந்த தலைமயிரோடு தன் எதிரே நின்றவளைப் பார்த்தார்.  கை தானாகத் தலைக்குப் போய், துண்டை அவிழ்த்து, இடுப்பில் கட்டியது.